மின்காரில் பிரேக் பெடல் இறுகுகிறதா? பூஸ்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேட்டவர் சொன்னதைச் சுருக்கிவிடுகிறேன். ஐந்து வருடம் ஓடிய மின்கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கோவையில் ஓடுகிறது. ஊட்டியில் இரவு தங்கி, பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு, காலையில் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கியிருக்கிறார். பாதி வழியில் பிரேக் பெடல் கட்டை மாதிரி ஆகிவிட்டது. திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தால் இன்னும் மோசம். கருகிய வாடை எதுவும் வரவில்லையாம். ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்ததும் சரியாகிவிட்டது. கோவைக்கு வந்த பிறகு பிரச்சினை இல்லை. ஆனால் பானெட்டுக்குள் ‘கர்ர்’ என்ற சத்தம் முன்னைவிட அடிக்கடி வருகிறதாம். சர்வீஸில் காட்டியபோது ‘பூஸ்டர் போயிடுச்சு, மாத்தணும்’ (பூஸ்டர் என்பது பெடலை மிதிக்கும் காலுக்குப் பலம் கூட்டும் பாகம்) என்று ஒரு பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்ப் மேல், இரண்டாவது இரண்டையும் இணைக்கும் ஹோஸும், அதில் காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் ஒன்வே வால்வும், மூன்றாவதுதான் பூஸ்டர். எது என்பதைச் சோதித்துவிட்டே சொல்ல முடியும். ஊகத்தில் பாகம் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சோதித்துச் சரி செய்யும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். ஊருக்குள்ளும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

முதலில் பெடல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிரேக் கோளாறு என்றால் பலருக்கு எல்லாம் ஒன்றுதான். மெக்கானிக்குக் கால் உணர்வே பாதி விடை. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகிறதென்றால் பிரேக் ஆயிலில் காற்று, கசிவு, அல்லது ஆயில் கொதித்துவிட்டது. மிதித்தால் பெடல் இறங்கவே மறுக்கிறது, முழுப் பலம் கொடுத்தால்தான் கார் நிற்கிறது என்றால் ஆயில் பக்கம் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. உங்கள் காலுக்கு உதவி செய்ய வேண்டிய ஆள்தான் வேலைக்கு வரவில்லை. மூன்றாவது ஒன்றும் உண்டு. பெடல் வழக்கமான இடம்வரை வழக்கம்போல இறங்குகிறது, கெட்டியாகவும் நிற்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை, கருகிய வாடை வேறு வருகிறது. அது டிஸ்க் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்த நிலை. மலை இறக்கத்தில் இதுவும் வரும், இதுவும் ஓரமாக நிறுத்தி ஆறவைத்தால் சரியாகும். அதனால்தான் குழப்பம். உங்கள் விஷயத்தில் பெடலே இறங்கவில்லை, மிதிக்க மிதிக்க மோசமானது, வாடை எதுவும் இல்லை என்கிறீர்கள். ஆகவே இது உதவி இல்லாமல் போன கேஸ்.

அந்த உதவி எங்கிருந்து வருகிறது? பெடலுக்கும், பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே, பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கறுப்பு நிற உருண்டை டப்பாதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாஃபிரம் அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. இரண்டு அறையிலும் காற்றை உறிஞ்சி வைத்திருப்பார்கள். நீங்கள் மிதித்ததும் பெடல் பக்க அறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழையும். ஒரு பக்கம் காற்றழுத்தம், மறுபக்கம் வெற்றிடம். டயாஃபிரம் முன்னே தள்ளப்படும். 9 அங்குல விட்டமுள்ள பூஸ்டரில் 68 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசம் இருந்தால் கணக்குப்படி ஏறத்தாழ 280 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. உங்கள் கால் செய்வது கட்டளை இடுவது மட்டும்தான்.

பெட்ரோல் காரில் இந்த வெற்றிடம் இலவசம். ஆக்சிலரேட்டரை விட்டதும், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் தானாக உருவாகும். டீசல் எஞ்சினில் அப்படிக் கிடைக்காது என்பதால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப் வைத்தார்கள். மின்காரில் எஞ்சினே இல்லை. அதனால் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மின் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. வெற்றிடம் ஒரு அளவுக்குக் கீழே குறைந்தால் பம்ப் ஓடும், போதுமான அளவு வந்ததும் நிற்கும். நீங்கள் கேட்கும் ‘கர்ர்’ அதுதான். அது கோளாறின் சத்தம் அல்ல. ஆனால் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதில் எல்லாத் தகவலும் இருக்கிறது.

ஊட்டியில் வந்து கோவையில் வராததற்குக் காரணம் காற்றழுத்தம். கோவை சுமார் 410 மீட்டர் உயரம், காற்றழுத்தம் 96 கிலோபாஸ்கல் அளவில். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், அங்கே 77தான். இந்த வகைப் பம்ப் சுற்றியுள்ள அழுத்தத்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சி எடுக்க முடியும். நல்ல பம்ப் 85 சதவீதம் எடுக்கிறது என்று வையுங்கள்: கோவையில் 82, ஊட்டியில் 65. தேய்ந்த பம்ப் 70 சதவீதம் எடுக்கிறது என்றால் கோவையில் 67, ஊட்டியில் 54. இப்போது பம்ப் 60ஐத் தொட்டதும் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். தேய்ந்த பம்ப் கோவையில் கொஞ்சம் முக்கி 60ஐத் தொட்டு நின்றுவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஊட்டியில் அதனால் 60ஐத் தொடவே முடியாது. நிற்காமல் ஓடும், சூடேறும், சூடேறினால் உறிஞ்சும் திறன் இன்னும் குறையும். உயரத்தைக் கணக்கில் எடுத்து அளவை மாற்றிக்கொள்ளும் கார்களும் உண்டு, ஆனால் அங்கேயும் கிடைக்கும் உதவி குறைவுதான். ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது அந்த முழு சார்ஜ். மின்காரில் ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை லேசாகத் தொட்டாலோ மோட்டாரே ஜெனரேட்டராகி காரைப் பிடித்து இழுக்கும், அந்தச் சக்தி பேட்டரிக்குப் போகும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. கார் ரீஜெனைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம்வரை 1,900 மீட்டர் இறங்கினால் அதில் கிட்டத்தட்ட 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. டயர் உராய்வும் காற்றுத் தடையும் எடுத்துக்கொண்டது போக, பாதிக்கு மேல் பேட்டரிக்குப் போக வேண்டும் அல்லது டிஸ்க்கில் சூடாக வேண்டும். உங்கள் பேட்டரியில் இடமில்லை. ஆகவே ஏறும்போது காலே வைக்காத பிரேக்கில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு காலை வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு மிதியும் சேமித்த வெற்றிடத்தில் கொஞ்சத்தைச் செலவழிக்கும். சோர்ந்துபோன பம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தினீர்கள், மிதிப்பது நின்றது, பம்ப் தேற்றிக்கொண்டது.

சரி, சோதனைக்கு வருவோம். அதற்கு முன் உங்கள் கார் இந்த வகைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா மின்காரிலும் வெற்றிட பூஸ்டர் இல்லை. பாஷ் நிறுவனம் 2013இல் ஐபூஸ்டர் என்ற, மின் மோட்டாரும் பற்சக்கரமும் நேரடியாகத் தள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்று பல மின்கார்களில் அந்த மாதிரிதான். நம் ஊர்ச் சாலையில் அதிகம் பார்க்கும் நெக்ஸான் வரிசையிலும் 2022இல் வந்த மேக்ஸ் மாடலிலிருந்து வெற்றிடம் தேவைப்படாத பிரேக் அமைப்பு என்று டாடாவே அறிவித்தது. பானெட்டைத் திறந்து, உருண்டை டப்பாவிலிருந்து விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ் கிளம்பிப் போகிறதா பாருங்கள். போனால் வெற்றிட வகை. டப்பாவுக்குப் பதில் அலுமினிய உடம்பும் கனமான கனெக்டரும் இருந்தால் அது மோட்டார் வகை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களுக்குச் சத்தம் கேட்கிறது என்பதால் முதல் வகைதான் என்று வைத்து எழுதுகிறேன்.

கருவியே இல்லாத சோதனை இது. சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஆஃப் செய்யுங்கள். பெடலை ஆறேழு முறை முழுக்க மிதித்து விடுங்கள். முதல் இரண்டு மூன்று மிதி மெதுவாக இறங்கி, பிறகு பெடல் கெட்டிப்படும். சேமிப்பு காலி என்று அர்த்தம். இப்போது காலைப் பெடல் மேல் மிதமான அழுத்தத்தில் வைத்தபடியே காரை ‘ரெடி’ நிலைக்கு, அதாவது ஓட்டத் தயாரான நிலைக்குக் கொண்டுவாருங்கள். பம்ப் ஓடத் தொடங்கும். சில விநாடிகளில் பெடல் காலுக்கடியில் தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டரின் அடிப்படை வேலை நடக்கிறது. பம்ப் ஓடியும் இறங்கவே இல்லை என்றால் வெற்றிடம் பூஸ்டர்வரை வந்து சேரவில்லை, அல்லது பூஸ்டர் உள்ளே கிழிந்திருக்கிறது. பம்பே ஓடவில்லை என்றால் மின்சாரப் பக்கம் போக வேண்டும்.

அடுத்து காதால் சோதனை. பம்ப் நின்ற பிறகு பெடலைத் தொடாமல் காத்திருங்கள். நல்ல அமைப்பில் பல நிமிடங்கள் அமைதியாக இருக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் எழுந்து ஓடினால் எங்கோ காற்று உள்ளே வருகிறது. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் அடிக்கடி ஓடுகிறது, காலடியில் ‘ஸ்ஸ்’ என்று விடாமல் கேட்கிறது என்றால் பூஸ்டருக்குள் டயாஃபிரமிலோ அதன் வால்விலோ கசிவு. மிதிக்கும் கணத்தில் ஒரு சின்ன ‘புஸ்’ வந்து நின்றுவிடுவது இயல்பு. அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எந்தக் கசிவும் இல்லாமல், ஒரே ஒரு மிதிக்குப் பின் பம்ப் முன்னைவிட மிக நீண்ட நேரம் ஓடுகிறதென்றால் பம்ப் தேய்ந்திருக்கிறது.

இனி கையை வைக்க வேண்டும். பத்து நிமிடம் ஆஃபில் கிடந்த காரில், பூஸ்டரில் ஹோஸ் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் முழங்கை வடிவத் துண்டு, ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும்; பல கார்களில் ஒன்வே வால்வு அதற்குள்தான். கொஞ்சம் திருகி, வெளியே இழுங்கள். இழுத்த நொடியில் காற்று ‘புஸ்ஸ்’ என்று வேகமாக உள்ளே பாய்ந்தால் இந்த வால்வும் பூஸ்டரும் பத்து நிமிடம் வெற்றிடத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். இந்த ஒரு சத்தமே பூஸ்டர் மாற்றும் செலவைத் தள்ளிவைக்கும். சத்தமே இல்லாமல் வழுக்கி வந்துவிட்டால் இரண்டில் ஒன்று கசிகிறது. வால்வைக் கையில் எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள்: பூஸ்டர் பக்கத்திலிருந்து பம்ப் பக்கம் காற்று போக வேண்டும், எதிர்த்திசையில் கொஞ்சமும் போகக்கூடாது. ரப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெயிலிலும் பானெட் சூட்டிலும் காய்ந்து பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருந்தால் அதை மாற்றுங்கள், சின்னச் சாமான்.

அதே ஓட்டை வழியாக டார்ச் அடித்து பூஸ்டருக்குள் ஒரு பார்வை பாருங்கள். உள்ளே ஈரமாக, எண்ணெய்ப் பசையாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் கசிந்து பிரேக் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெளியில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் மட்டம் மட்டும் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அந்த ஆயில் டயாஃபிரத்தைத் தின்றுவிடும். இந்த நிலையில் பூஸ்டரை மட்டும் மாற்றி மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் புது பூஸ்டரும் அதே வழியில் போகும்.

ஹோஸை முழு நீளத்துக்கும் விரலால் தடவி, வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. பம்ப் பக்கம் கிளாம்ப் கடிக்கும் இடத்தின் ஓரத்தில், ஹோஸை வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். என்னிடம் வந்த ஒரு காரில் காலையில் எல்லாம் சரி, மதியத்துக்கு மேல் பெடல் இறுகும் என்றார்கள். ரப்பர் சூட்டில் இளகியபோதுதான் அந்த வெடிப்பு திறந்துகொண்டது. முனையில் நல்ல பகுதி மிச்சம் இருந்தால் வெட்டிவிட்டு மாட்டத் தோன்றும், செய்யாதீர்கள். அந்த வயதில் ஒரு இடம் வெடித்தால் மற்ற இடமும் தயாராக இருக்கும். புது ஹோஸ் போடும்போது வெற்றிடத்துக்கென்றே வருவதைப் போடுங்கள். சாதாரணத் தண்ணீர் ஹோஸ் உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். சோப்பு நுரை போட்டுக் கசிவு தேடுவதும் இங்கே பலிக்காது. காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. நுரை எழும்பாது, சோப்புத் தண்ணீர்தான் உள்ளே போகும்.

கருவியோடு செய்வதென்றால், ஹோஸில் டி (T) வடிவ இணைப்பு வழியாக, வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். பம்ப் நின்றதும் அளவு எவ்வளவு, அடுத்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். குறைந்தால், பூஸ்டருக்கு அருகே, கேஜுக்கும் பூஸ்டருக்கும் இடையில், ஹோஸை வாயில் துணி சுற்றிய குறட்டால் இறுக்கி அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அடைத்த பிறகு முள் அசையாமல் நின்றால் கசிவு பூஸ்டர் பக்கம். அடைத்த பிறகும் இறங்கினால் பூஸ்டர் நிரபராதி; பம்ப், வால்வு, ஹோஸ் ஆகியவற்றில் ஒன்று. கெட்டியான நைலான் குழாய் வைத்த கார்களில் அடைக்க முடியாது, பூஸ்டர் முனையைக் கழற்றி ரப்பர் அடைப்பு செருகிப் பார்க்க வேண்டும். உங்களிடம் பூஸ்டர் மாற்றச் சொன்னவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தனியாகப் பிரித்துப் பார்த்தீர்களா, கேஜ் என்ன காட்டியது? காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டினாலும் வெற்றிட அளவு நேரலையாகத் தெரியும். ஆனால் அது காரின் சென்சார் சொல்வது. கேஜும் ஸ்கேனரும் ஒத்துப்போகாவிட்டால் பழுது சென்சாரில்தான். பொய் சொல்லும் சென்சார் நல்ல பம்பைக்கூடப் பாதியில் நிறுத்திவிடும்.

பம்ப் ஓடாதது, அல்லது முனகி ஓடுவது என்றால் முதலில் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பம்ப், லைட், கம்ப்யூட்டர் எல்லாம் இந்தச் சின்னப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. காரை ஆஃபில் வைத்து அளந்தால் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். ‘ரெடி’யில் பெரிய பேட்டரியிலிருந்து சார்ஜ் வருவதால் பொதுவாக 13.5க்கு மேல் காட்டும். பிறகு பம்ப் ஓடும்போதே அதன் கனெக்டரில் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8, பம்பில் 12.5 என்று வந்தால் நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது: துருப்பிடித்த எர்த், கறுத்துப்போன ரிலே, தளர்ந்த பின். எர்த்தை இறக்கித் தேய்த்து மறுபடி முடுக்கியதிலேயே குணமான கார்கள் நிறைய. ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸ் ஒருமுறை போட்டுப் பாருங்கள்; மறுபடி எரிந்தால் பெரும்பாலும் பம்ப் மோட்டார் இறுகியிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் 12 வோல்ட் வேலை. ஆரஞ்சு நிற வயர்கள் இருக்கும் பக்கம் கை போகவே கூடாது. கழற்றும் முன் காரை ஆஃப் செய்து 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

பம்ப் தேய்வது எப்படி என்றும் தெரிந்துகொள்வது நல்லது. பலவற்றில் உள்ளே எண்ணெய் கிடையாது. சுழலும் உருளையின் பள்ளங்களில் கார்பன் தகடுகள் இருந்து, சுவரை உரசியபடி காற்றைத் தள்ளும். தேயத் தேய கறுப்புத் தூள் வரும். காற்று வெளியேறும் வாயில் விரல் வைத்துத் தடவினால் ஒட்டும். இந்தத் தகடுகள் விட்டுவிட்டு ஓடுவதற்காக வடிவமைத்தவை, நாள் முழுக்க ஓடுவதற்கு அல்ல. ஆகவே ஹோஸில் இருக்கும் ஒரு சின்ன வெடிப்பைக் கவனிக்காமல் விட்டால் அது கடைசியில் பம்பைக் கொல்லும். பம்ப் மட்டும் மாற்றி ஹோஸை விட்டால் புது பம்பும் சீக்கிரம் போகும். சர்வீஸில் ஹைபிரஷர் தண்ணீரால் பானெட்டுக்குள் கழுவுவதும் இதற்கு எமன். பம்பை மாற்றினால் அதைத் தாங்கும் ரப்பர் புஷ்களையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் சத்தம் உடம்பு வழியாகக் கேபினுக்குள் வந்துகொண்டே இருக்கும்.

வெற்றிடம் நன்றாக இருந்தும் பிரேக்குக்கு அதிகப் பலம் தேவைப்பட்டால் சக்கரப் பக்கம் போங்கள். மின்காருக்கே உரிய ஒரு நோய் அங்கே இருக்கிறது. ரீஜெனே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவதால் டிஸ்க் பேட் வருடக்கணக்கில் சோம்பிக் கிடக்கும். டிஸ்க்கில் துரு, பேட் முகத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பு, பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின்கள் இறுகிப்போதல். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் வரும். பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிரீஸ் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ் உட்பக்கம் வீங்கி அடைத்துக்கொண்டாலும் பெடல் கெட்டியாகும். அப்போது காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும். யாராவது பிரேக் ஆயில் டப்பாவில் தவறுதலாக வேறு எண்ணெயை ஊற்றியிருந்தாலும் ரப்பரெல்லாம் உப்பி இதே கதிதான், முழு அமைப்பையும் மாற்ற வேண்டிவரும். ஆயில் தானாகவே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிவரை இறங்கலாம் என்பது தரக்கணக்கு. பிரேக்கே பயன்படுத்துவதில்லையே என்று மின்காரில் ஆயில் மாற்றாமல் விடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்புறம், பெடலுக்கு அடியில் சுருண்ட ஃப்ளோர் மேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது.

கோளாறே இல்லாத ஒரு இறுக்கமும் உண்டு. நிறுத்தி வைத்த காரில் குழந்தைகள் பெடலை மிதித்து விளையாடியிருப்பார்கள், சேமிப்பு காலியாகியிருக்கும். காலையில் பெடல் கல்லாக நிற்கும். போதுமான அளவு இறங்காததால் ‘பிரேக்கை மிதிக்கவும்’ என்று கார் கேட்டுக்கொண்டே இருக்கும், ‘ரெடி’ வராது. நன்றாக அழுத்தி மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் எழுந்துவிடும். அதன்பின் இயல்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் காலையில் இப்படி என்றால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் வகை பூஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு: அங்கே ஹோஸ் இல்லை, கசிவு இல்லை, வீட்டில் செய்ய அதிகம் இல்லை. தூங்கிக் கிடக்கும் காரில் முதல் மிதி கெட்டியாக இருப்பது பல மாடல்களில் இயல்பு. ஓடும்போது இறுகினால் பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கும் வரும். 12 வோல்ட் பேட்டரியையும் அதற்குப் போகும் ஃபியூஸையும் கனெக்டரையும் பாருங்கள். அதற்கு மேல் ஸ்கேனர் இல்லாமல் போகாதீர்கள். ஆயில் மாற்றிக் காற்று எடுப்பதற்கே பல மாடல்களில் ஸ்கேனர் வழியாகச் செய்ய வேண்டிய நடைமுறை இருக்கிறது. இந்த வகையிலும் தொழிற்சாலைக் கோளாறு வரும்: கடுங்குளிரில் பிரேக் பூஸ்டருக்குள் ஒரு ரிலே உறைந்து பெடல் இறுகக்கூடும் என்று நிசான் லீஃப் 2013 முதல் 2015 வரையிலான மாடல்களில் சுமார் 47,000 கார்களை அமெரிக்காவில் 2016இல் திரும்ப அழைத்தார்கள். உங்கள் மாடலுக்கு அப்படி ஏதாவது அழைப்பு இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணை வைத்துக் கேளுங்கள்; இருந்தால் இலவசமாகவே செய்து தர வேண்டும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது இறுகினால் என்ன செய்வது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் செய்தது பெரும்பாலோர் செய்வதுதான். பெடலைப் பம்ப் செய்யக் கூடாது. விட்டு விட்டு மிதிப்பது பஞ்சாகிப்போன பெடலுக்கான வைத்தியம். இறுகிய பெடலில் ஒவ்வொரு முறை விட்டு மிதிக்கும்போதும் மிச்சமிருக்கும் வெற்றிடமும் போய்விடும். ஒரே மிதி, விடாமல், சீட்டில் முதுகை அழுத்திக்கொண்டு, வேண்டுமானால் இரண்டு காலாலும். பூஸ்டர் முழுக்கச் செத்தாலும் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கார் நிற்கும், ஆனால் தூரம் கேட்கும். கார் பிரேக்குகளுக்கான ஐ.நா.வின் 13-ஹெச் விதிப்படி, பிரேக் அமைப்பில் ஒரு பகுதி செயலிழந்தாலும் 500 நியூட்டன், அதாவது சுமார் 50 கிலோ அழுத்தத்தில் கார் விநாடிக்கு விநாடி 2.44 மீட்டர் வீதமாவது வேகம் குறைய வேண்டும். முழு பிரேக்குக்கு அந்த விதி கேட்பது 6.43. கணக்குப் போட்டால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நல்ல பிரேக் 22 மீட்டரில் நிறுத்தும் இடத்தில், இதற்கு 57 மீட்டர் தேவை. கொண்டை ஊசி வளைவுக்கு முன் அவ்வளவு இடம் கிடைக்காது. அதனால் ரீஜென் அளவைக் கூடியவரை ஏற்றுங்கள், வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் பட்டனை விடாமல் பிடித்தால் பல கார்களில் அவசர நிறுத்தமாக வேலை செய்யும். கை லீவர் என்றால் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். காரை மட்டும் ஆஃப் செய்யாதீர்கள். பம்ப், ரீஜென், ஸ்டீயரிங் உதவி மூன்றும் ஒன்றாகப் போய்விடும்.

உங்கள் காருக்கு வரிசை இது: முதலில் காலால் செய்யும் சோதனை, பிறகு வால்வைக் கழற்றி ‘புஸ்’ கேட்பது, ஹோஸை வளைத்துப் பார்ப்பது, 12 வோல்ட் அளப்பது. நான்கும் சரி என்றால் பம்ப்தான் என்று கிட்டத்தட்ட உறுதி. கேஜ் போட்டு அடைத்துப் பார்த்து, கசிவு பூஸ்டர் பக்கம் என்று தெரிந்தால் மட்டும் தாராளமாக பூஸ்டரை மாற்றுங்கள். வேலை முடிந்ததும் சமதளத்தில் ஓட்டி, அடுத்தடுத்து நாலைந்து முறை பிரேக் போட்டு, பம்ப் உடனுக்குடன் நின்றுவிடுகிறதா கேளுங்கள். அடுத்த முறை ஊட்டியில் தங்கினால் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். இறங்கும் வழியில் பேட்டரி ஏறிக்கொண்டே வரும்.